நித்திரை வருகிற நேரம் உடம்பு தூக்கிப் போடுகிறது, இது வலிப்பா?

உப்புவெளி_நைட்ஷிஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். வயது 36. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் இரவு நேர ரிசெப்ஷன் வேலை. மே மாதம் சீசன் தொடங்கினால் செப்டம்பர் வரை எனக்கு இரவும் பகலும் தலைகீழ்தான். இரவு எட்டு மணிக்குப் போனால் காலை ஆறு மணிக்குத்தான் அடுத்த ஆள் வரும். வீட்டுக்கு வந்து குளித்து, இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிபோல் படுப்பேன்.

பிரச்சினை அப்போதுதான். கண் சொருகி, இந்தா நித்திரை வந்துவிட்டது என்கிற நேரம் உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டித் தூக்கிப் போடுகிறது. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நிற்கிறேன், கால் வழுக்குகிறது, விழுகிறேன். கனவா நினைப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழும்பிப் பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். சில நாள் ஒரு தடவையோடு விட்டுவிடும். சில நாள் திரும்பக் கண்ணை மூட, திரும்பவும் தூக்கிப் போடும். பக்கத்தில் கிடந்த மகளுக்கு ஒருநாள் கை பட்டு, பிள்ளை எழும்பி ஒரே அழுகை.

மனைவி இது வலிப்புத்தான் என்று நிற்கிறா. அவவுடைய மாமா ஒருவருக்கு வலிப்பு இருந்தது, அந்தப் பயம். அம்மா கண்ணூறு என்று சொல்லி பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் வாங்கிக் கட்டிவிட்டா. இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் மூளைக் கட்டி வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். இது என்ன, ஏன் வருகிறது, குளிசை ஏதும் எடுக்க வேண்டுமா?

இன்னொன்று. அம்மாவுக்கும் இரவில் கால் நிம்மதியாக இராது. இது பரம்பரையாக வருகிற ஒன்றோ?

---

சாம்பல்தீவான்:

மச்சான், இதுக்குப் போய்ப் பயப்படலாமா. எனக்கு ஏஎல் சோதனைக்குப் படிக்கிற காலத்தில் ஒவ்வொரு நாளும் வந்தது, சோதனை முடியத் தானாகப் போய்விட்டது. நரம்புத் தளர்ச்சி என்று சொன்னார்கள். பாமசியில் பி கொம்ப்ளெக்ஸ் கேட்டு வாங்கி ஒரு மாதம் போடு. படுக்க முதல் ஒரு கப் சுடுபால். சரியாகிவிடும்.

---

ஓய்வுபெற்ற_மிஸி:

தம்பி, நான் வார்டில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். டொக்டர் இல்லை. ஆனால் இரவு டியூட்டியில் மனிதர்கள் நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் என் பாதி வாழ்க்கை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நித்திரையில் உடம்பு அசைகிற விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்பது "ஏன்" என்று. எங்களுக்குப் பெரிய டொக்டர்மார் சொல்லித் தந்தது, "எப்போது" என்று கேள் என்பதுதான். கண் மூடுகிற நேரமா, நடுச்சாமமா, விடியப்புறமா, எழும்பிய பிறகா? அது தெரிந்தால் பாதி விடை கையில் வந்துவிடும். அடுத்த கேள்வி, அது வருவது யாருக்குத் தெரிகிறது? உங்களுக்கா, பக்கத்தில் படுத்திருப்பவருக்கா?

நீங்கள் சொல்வது கண் சொருகும் நேரம் வருவது. நீங்களே உணர்கிறீர்கள், நீங்களே திடுக்கிட்டு எழும்புகிறீர்கள். விழுகிற மாதிரி ஒரு உணர்வும் கூட வருகிறது. மருத்துவத்தில் இதை ஹிப்னிக் ஜேர்க் என்பார்கள். பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஆறேழு பேர் எனக்கும் வந்திருக்கிறது என்பார்கள். வலிப்பும் இல்லை, நரம்புத் தளர்ச்சியும் இல்லை. நோய் என்றே சொல்ல முடியாது. இயன் ஒஸ்வால்ட் என்ற பிரித்தானிய ஆய்வாளர், நித்திரை வருகிற நேரத்து இந்தத் திடீர் வெட்டுகளைப் பற்றி 1959 இலேயே கட்டுரை எழுதிவிட்டார். அவ்வளவு பழைய விஷயம்.

ஏன் வருகிறது? மூளைத்தண்டில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிற நரம்பு வலை ஒன்று இருக்கிறது. மூளையின் அடிப்பக்கம் ஹைப்போதலமஸ் என்கிற இடத்தில் நித்திரைக்கு இழுக்கிற கூட்டம் ஒன்று. நித்திரை வரும்போது இரண்டாவது கூட்டம் முதலாவதை அமர்த்த வேண்டும். அந்தக் கைமாற்றம் ஒரே நொடியில் நடந்து முடிவதில்லை. உங்கள் ஹோட்டலில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்போது லைட் எல்லாம் ஒரு தடவை மின்னி அடங்குமே, அது போலத்தான். அந்த இடைவெளியில் மூளைத்தண்டில் இருந்து ஒரு தவறான கட்டளை கீழே பாய்கிறது என்று நினைக்கிறார்கள், தசைகள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. ஒரு நொடிகூட இல்லை. ஆனால் இதயத்துடிப்பு ஏறிவிடுவதால் நமக்குப் பெரிய சம்பவம் நடந்த மாதிரி இருக்கும். சிலருக்குக் கூடவே பளிச்சென்று வெளிச்சம் தெரியும், சிலருக்கு வெடிச்சத்தம் கேட்கும். அதற்கும் பயப்படத் தேவையில்லை.

தசை தளர்வதை மூளை "விழுகிறோம்" என்று பிழையாக எடுத்துக்கொள்கிறது, மரத்தில் படுத்த குரங்குக் காலத்து மிச்சம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நல்லாயிருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லலாம். யாரும் நிரூபித்ததில்லை.

அடிக்கடி வர வைக்கிறவை எவை என்பது ஓரளவு தெரியும். நித்திரைக் கடன், தேயிலை, கோப்பி, சிகரெட், மன அழுத்தம், படுக்கிற நேரத்துக்குக் கிட்டக் கடுமையான உடற்பயிற்சி. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில குளிசைகளும் கூட்டிவிடும். சீசன் நேரத்து இரவு வேலைக்காரர் ஒருவரிடம் இதில் எத்தனை இருக்கும் என்று நீங்களே பாருங்கள். விடியப்புறம் நாலு மணிக்கு ஒரு பிளேன்டீ குடிக்கிறீர்கள் என்று வைப்போம். அதில் உள்ள கஃபீன் பாதியாகக் குறைய கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுக்கும். அப்படியென்றால் எட்டு மணிக்கு நீங்கள் படுக்கும்போது பாதிக்கு மேல் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பு நித்திரைக்கு இழுக்கிறது, தேத்தண்ணி விழிப்புக்கு இழுக்கிறது. அதற்கு மேல் பகல் வெளிச்சம், கச்சான் காற்று, தகரக் கூரைச் சூடு. வெட்டு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

வலிப்பா என்று உங்கள் மனைவி கேட்பது பிழையான கேள்வி இல்லை. ஒரே பக்கம் திரும்பத் திரும்பத் தாளம் போல இழுப்பது, நாக்கைக் கடிப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, எழும்பிய பிறகு கொஞ்ச நேரம் ஆள் யார் இடம் எது என்று தெரியாமல் விழிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நாள் பார்க்காமல் டொக்டரிடம் போக வேண்டும். இளம் பிள்ளைகள் காலையில் எழும்பிய பிறகு கை வெட்டித் தேத்தண்ணிக் கோப்பையைத் தவற விடுகிறார்கள் என்றாலும் அப்படித்தான். அது வலிப்பில் வேறு வகை, ராமுழுக்கப் படித்து நித்திரை கெட்டால் கூடும். சோதனை நேரம் பிள்ளை நடிக்கிறது என்று பெற்றோர் ஏசிக்கொண்டிருப்பார்கள்.

பி கொம்ப்ளெக்ஸ் பற்றி: சாம்பல்தீவுத் தம்பி கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அது போனது சோதனை முடிந்ததால். குளிசையில் பழி போட ஒன்றும் இல்லை, புகழவும் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அம்மாவுக்குக் கால் நிம்மதியாக இராது என்று. அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்லுங்கள். அவவுக்கு எந்த நேரம்? படுக்கும்போதா, சும்மா இருக்கும்போதா? நடந்தால் குறைகிறதா? சீனி, பிரஷர், கிட்னி ஏதும் இருக்கிறதா? உங்கள் வெட்டை விட அந்த ஒரு வரிதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

---

உப்புவெளி_நைட்ஷிஃப்ட்:

மிஸி அக்கா, மிக்க நன்றி. மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நாக்குக் கடிப்பது, சிறுநீர் போவது ஒன்றும் எனக்கு இல்லை. நித்திரை கொண்ட பிறகு நான் கட்டை போலக் கிடப்பதாகத்தான் அவ சொல்கிறா. தேத்தண்ணிக் கதை உண்மை. மூன்று மணிக்கும் குடிப்பேன், ஐந்து மணிக்கும் குடிப்பேன். கொழும்பில் இருந்து இரவு ரயிலில் வருகிற ஆட்கள் விடியப்புறம் வந்து நிற்பார்கள், அவர்களுக்குப் போடும்போது எனக்கும் ஒன்று.

அம்மாவுக்கு 63. சீனி வருத்தம் கனகாலமாக. போன வருடம் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்று கிட்னி கிளினிக்குக்கு மாற்றினார்கள். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் தொடங்கும். கதிரையில் இருந்து டிவி பார்க்க முடியாது. காலுக்குள் புழு ஊருது, உள்ளே பிசையுது என்பா. எழும்பி முற்றத்தில் நடந்தால் இல்லை. திரும்ப வந்து இருந்தால் திரும்பத் தொடங்கும். இரவில் தங்கச்சிதான் காலைப் பிடித்து விடுவாள். நித்திரை கொண்ட பிறகும் அம்மாவின் கால் விட்டு விட்டு உதைக்கிறது, பெருவிரல் மேலே வளைகிறது என்று தங்கச்சி சொல்கிறாள். அம்மாவுக்கு அது தெரியாது. கிளினிக்கில் சொன்னாயா என்று கேட்டேன். "கால் உளைச்சலை எல்லாம் டொக்டரிடம் சொல்லுவார்களா, எவ்வளவு சனம் நிற்குது" என்கிறா.

---

கிண்ணியா_பாலத்தடி:

இந்த இழையை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிஸி, எங்கள் வாப்பாவுடைய கதையையும் ஒருக்கா பாருங்கள். வயது 68. முந்தி எருமை மாட்டுப் பட்டி வைத்திருந்தவர், இப்போது வீட்டோடு. ஒன்றிரண்டு வருடமாக சுபஹ் பாங்குக்கு முந்தின நேரம் நித்திரையில் கத்துகிறார், கையை ஓங்கிக் குத்துகிறார். ஒருநாள் உம்மாவின் தோளில் அடி. எழுப்பிக் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார், கனவில் மாடு முட்ட வந்ததாம், கொம்பைப் பிடித்துத் தள்ளினாராம். அதுவும் ஹிப்னிக் ஜேர்க் தானா? சில பேர் ஷைத்தானுடைய வேலை, ஓதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற_மிஸி:

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன், இரண்டும் வேறு வேறு என்பதை மறக்காமல் வாசியுங்கள்.

முதலில் கிண்ணியாத் தம்பி. வாப்பாவுக்கு வருவது ஹிப்னிக் ஜேர்க் இல்லை. நேரத்தைப் பாருங்கள், விடியப்புறம். கனவுகள் நிறைய வருகிற நித்திரை இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக வரும். அந்த நேரம் கண்ணையும் மூச்சுத் தசையையும் தவிர உடம்பை மூளைத்தண்டு ஏறக்குறைய முழுதாகக் கட்டிப் போட்டுவிடும். நாம் கனவில் ஓடினாலும் கட்டிலில் கிடப்பது அதனால்தான். அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டால் கனவில் செய்வதைக் கையும் காலும் உண்மையாகவே செய்யும். மாட்டைத் தள்ளினேன் என்று அவரே சொல்வது உங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம். நித்திரையில் கத்துகிற எல்லோரும் எழும்பியதும் இப்படிக் கனவைச் சொல்ல மாட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

இதைச் சும்மா விட வேண்டாம். ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நரம்பியல் டொக்டரிடம் போங்கள். சிலருக்கு இது பார்க்கின்சன் போன்ற நோய்க்குப் பல வருடம் முன்னாலேயே வருகிற அறிகுறியாக இருக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. மணம் தெரிவது குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, நடை மெதுவாகியிருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று கவனித்துச் சொன்னால் டொக்டருக்கு உதவியாக இருக்கும். வேறு ஏதும் குளிசை குடிக்கிறார் என்றால் அதையும் கொண்டுபோங்கள், சில மனநலக் குளிசைகளாலும் இது வரும். மெலட்டோனின், குளோனசெபாம் என்று மருந்து இருக்கிறது, டொக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். அதுவரைக்கும் உம்மாவைத் தனியாகப் படுக்கச் சொல்லுங்கள். வாப்பாவுக்குக் கட்டில் வேண்டாம், பாயும் மெத்தையும் போதும். பக்கத்தில் கண்ணாடி விளக்கு, கூரான மேசை ஒன்றும் இருக்கக் கூடாது. ஓதுவது அவருக்கு மன ஆறுதல் என்றால் ஓதட்டும், கிளினிக்குக்கும் போகட்டும்.

இனி அம்மாவின் கால். தம்பி, நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதி அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். பின்னேரம் தொடங்குவது, சும்மா இருந்தால் கூடுவது, நடந்தால் போவது, காலை அசைத்தே ஆக வேண்டும் என்கிற உந்துதல். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்கிற வருத்தத்தைக் கண்டுபிடிக்க டொக்டர்மார் கேட்கிற கேள்விகள் இவைதான், ஸ்கேன் ஒன்றும் தேவையில்லை. தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 17 ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்துவிட்டுப் போனார். 1945 இல் எக்பொம் என்ற சுவீடன் வைத்தியர் திரும்ப எடுத்து விரிவாக எழுதினார். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் அதைக் கால் உளைச்சல் என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நித்திரையில் பெருவிரல் வளைந்து கால் உதைப்பது, தங்கச்சி சரியாகப் பார்த்திருக்கிறாள். இருபது முப்பது நொடிக்கு ஒருக்கா வரும், பெரும்பாலும் இரவின் முதல் பாதியில். நித்திரை கொள்பவருக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத்தான் தெரியும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேருக்காவது இது கூடவே இருக்கும். ஒரு இரவு போனில் கொஞ்ச நேரம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆயிரம் வார்த்தை விளக்குவதை விட டொக்டருக்கு அது போதும்.

இதற்குப் பின்னால் அடிக்கடி நிற்பது இரண்டு விஷயம், இரும்புச்சத்துக் குறைவும் சிறுநீரகப் பாதிப்பும். டயலிசிஸ் வார்டில் இரவில் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கிற பலரைப் பார்க்கலாம், அவ்வளவு சாதாரணம். கிட்னி நோய் பரவலாக உள்ள பதவிய, மதவாச்சிப் பக்கத்து நோயாளிகளும் இதையே சொல்வார்கள், அதையும் வெயிலில் வேலை செய்த களைப்பு என்று நினைத்துக்கொண்டு. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சாதாரண ஆட்களுக்கு ஃபெரிட்டின் 75 க்குக் கீழே இருந்தால் இந்த வருத்தத்துக்கு இரும்புச்சத்துக் கொடுப்பார்கள், கிட்னி நோயாளிக்குக் கணக்கு வேறு, அதை டொக்டர் பார்த்துக்கொள்வார். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குளிசை கனகாலம் எடுத்தவர்களுக்கு பி12 குறையும், காலில் எரிவும் விறைப்பும் வரும். ஆகவே சாம்பல்தீவுத் தம்பி சொன்ன விட்டமின் உங்களுக்கு வேலை இல்லாவிட்டாலும் அம்மாவுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் குடும்பத்தில் ஓடக்கூடியது, உண்மை. ஆனால் உங்களுக்கு வருவது அது இல்லை.

இன்னுமொன்று கேட்க வேண்டும். கிட்னி நோயாளிகளுக்கு உடம்பு அரித்துக் கடிக்கும். அம்மா கடிக்கு ஏதும் குளிசை போடுகிறாவா?

---

உப்புவெளி_நைட்ஷிஃப்ட்:

எப்படி அக்கா தெரியும்? உடம்பு கடிக்கிறது என்று இரவில் பிரிட்டோன் போடுவா. நித்திரையும் வரும் என்று சொல்லி இப்போது ஒவ்வொரு நாளும். பாமசியில் தங்கச்சிதான் வாங்கிக் கொடுக்கிறாள்.

---

ஓய்வுபெற்ற_மிஸி:

நினைத்தேன். பிரிட்டோனில் உள்ள குளோர்பெனிரமின் போல நித்திரை வர வைக்கிற கடிக் குளிசைகள் இந்தக் கால் வருத்தத்தைக் கூட்டிவிடும். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். கால் உளைகிறது, நித்திரை இல்லை, குளிசை போடுகிறா, அதனால் கால் இன்னும் உளைகிறது. ஒரே வட்டம். நீங்களாக நிறுத்தச் சொல்லி அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம், கிளினிக்கில் குளிசைப் பெட்டியோடு காட்டுங்கள். நித்திரைக் கலக்கம் கொடுக்காத கடிக் குளிசைகள் இருக்கின்றன, கிட்னிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தருவார்கள்.

டொக்டர் இரும்புக் குளிசை எழுதித் தந்தால் அதைத் தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது. தேயிலையில் உள்ளது இரும்பை உடம்பு உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். தேசிக்காய்த் தண்ணி நல்லது என்று எல்லோருக்கும் சொல்வேன், கிட்னி என்பதால் பழச்சாறு எதுவும் அங்கே கேட்காமல் கொடுக்க வேண்டாம், பொட்டாசியம் ஏறும். பாமசியில் நேராகப் போய் இரும்புக் குளிசை வாங்கவும் வேண்டாம். தேவையில்லாத இரும்பு உடம்பில் சேர்ந்தாலும் கெடுதல்தான்.

நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணியை விடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்குப் போடுங்கள், உங்களுக்கு வெந்நீர். படுக்கிற அறை ஜன்னலுக்குத் தடித்த சீலை ஒன்று கட்டுங்கள். அப்படியும் வெட்டு வந்தால் வரட்டும், மற்றப் பக்கம் திரும்பிப் படுங்கள். பிள்ளையை மட்டும் சுவர்ப் பக்கம் போட்டுவிடுங்கள்.

---

சாம்பல்தீவான்:

மிஸி, சுடுபாலாவது குடிக்கலாமா?

---

ஓய்வுபெற்ற_மிஸி:

குடியுங்கள் தம்பி, கெடுதல் இல்லை. சீனியைக் குறைத்துப் போடுங்கள்.